நாலாந் தெருச் சரணம்

கணக்கு டீச்சர் சந்திரிகாவுக்குப் பதினேழாம் வாய்ப்பாடு தூக்கத்தில் கேட்டாலும் வரும். பாட்டு வரிதான் வராது. குரல் இருக்கிறது, சுருதி இருக்கிறது, தாளம் கையை விட்டுப் போகாது. ஆனால் மேடையேறி, எதிரே தெரிந்த முகம் நாலைப் பார்த்துவிட்டால் போதும், இரண்டாம் சரணம் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவள் குடியிருக்கும் பூர்ணிமா நகரின் பொங்கல் விழாவில் அதுதான் நடந்தது. பழைய சினிமாப் பாட்டு ஒன்றை அமர்க்களமாக ஆரம்பித்தாள். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதற்கு வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. கீபோர்டில் இருந்த ஜீவரத்தினம் இடையிசையை மூன்று தடவை திருப்பித் திருப்பி வாசித்துப் பார்த்தார். ம்ஹூம். அப்போது முன் வரிசையிலிருந்து நாலாந் தெரு கேசவன் குரல் கொடுத்தார்.

“இன்னா டீச்சர், நெட்டு கட்டாயிட்ச்சா?”

அப்படி ஒரு சிரிப்பு! சாமியானாவே ஆடிப்போனது. சந்திரிகாவின் வீட்டுக்காரர் சுப்ரமணியன்கூடச் சிரித்துவிட்டு, அப்புறம் இருமுவதுபோல் சமாளித்தார். சந்திரிகா மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கியவள்தான். அதன் பிறகு அந்த மேடைப் பக்கமே போகவில்லை.

கேசவன் அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனிதர் நல்லவர்தான். பூர்ணிமா நகர் முழுக்க ஒரு காலத்தில் அவர் குடும்பத்து வயல். இப்போது குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமென்ட், கம்பிக் கடை வைத்திருக்கிறார். வாய் மட்டும் சும்மா இருக்காது. தினம் காலையில் பால் பூத்தில் சந்திரிகாவைப் பார்த்ததும், “டீச்சர், ஞாபகம் கீதா?” என்பார். பால் கார்டு ஞாபகம் கீதா, பை ஞாபகம் கீதா, வூட்டுக்குப் போற வழி ஞாபகம் கீதா. அவருக்கு அது பிரியத்தில் செய்யும் கிண்டல். சந்திரிகாவுக்கோ, ஒவ்வொரு தடவையும் அந்த மேடைதான் கண்முன் வரும். ஆறு மாதம் கழித்து அவள் அடுத்த தெரு பூத்தில் பால் வாங்க ஆரம்பித்தாள். மனிதர் அங்கேயும் வந்தார்!

பாட்டை அவள் விட்டுவிடவில்லை. ஜீவரத்தினத்தின் மெல்லிசைக் குழுவில் இப்போது எல்லோரிடமும் டேப்லெட் உண்டு. கிதார்காரர் நோட்ஸைப் பார்த்து வாசிப்பார், டிரம்ஸ்காரர் எண்ணிக்கையைப் பார்த்து அடிப்பார். பாடுபவர்களுக்கு மைக் ஸ்டாண்டிலேயே ஒரு கிளிப்பில் மாட்டியிருக்கும். சந்திரிகாவும் ஒன்று வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் பகலெல்லாம் அதே டேப்லெட்டில்தான் பாடம். சனி, ஞாயிறு அதே டேப்லெட்டில் பாட்டு. வரிகளுக்குப் பக்கத்தில் டீச்சர் புத்தியோடு சிவப்பு மையில் தனக்குத்தானே குறிப்பு எழுதிக்கொள்வாள். ‘மூச்சு’, ‘நிமிர்ந்து நில்’, ‘இங்கே அவசரப்படாதே’. இந்தக் குறிப்புகள் இருந்தால் பொத்தேரி காலேஜ் விழாவென்ன, பல்லாவரத்துக் கல்யாண வரவேற்பென்ன, பிசிறில்லாமல் பாடிவிடுவாள்.

சொந்த நகரில்தான் பாக்கி இருந்தது.

இந்த ஜனவரி இருபத்தாறு, பூர்ணிமா நகருக்கு வெள்ளி விழா. ஜீவரத்தினம் அதற்கென்றே ஒரு பாட்டு எழுதி மெட்டுப் போட்டிருந்தார். நகரில் நாலு தெரு, பாட்டில் நாலு சரணம், தெருவுக்கு ஒன்று. “இதை நீதான் பாடணும்” என்று அவர் சொன்னபோது சந்திரிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதே மேடை, அதே ஜனங்கள். ஒரே ஒரு பாட்டைக் கடைசி வரி வரைக்கும் பாடிவிட்டு இறங்க வேண்டும். அப்புறம் பால் பூத்தில் யார் என்ன கேட்டாலும் தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம். மூன்று வருஷமாக அவள் வேண்டிக்கொண்டிருந்தது இவ்வளவுதான்.

நல்ல காரியத்துக்கு நடுவில் ஒரு செயலாளர் வராமல் இருப்பாரா? வந்தார். நகர் சங்கச் செயலாளர் ஸ்ரீரங்கன், பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர்.

“மேடையில ஒரு டேப்லெட் இருக்கக் கூடாது” என்று ஒத்திகைக்கே வந்து சொல்லிவிட்டார். “போன வருஷம் பாத்தேன் ஜீவா சார். பாடறவங்க குனிஞ்சிருக்காங்க, வாசிக்கிறவங்க குனிஞ்சிருக்காங்க, ஒருத்தர் எங்களை நிமிர்ந்து பாக்கலை. நானே முப்பத்தாறு வருஷம் கவுண்ட்டர்ல அப்படித்தான் உக்காந்திருந்தேன். அது கச்சேரி இல்லை சார், ஆபீஸ்!”

“வரி மறந்துபோச்சுன்னா?” என்று கேட்டார் ஜீவரத்தினம்.

“அதுக்காகத்தான் ஒத்திகை. திரைதான் வேணும்னா, பின்னாடி இருபதடி எல்.இ.டி. திரை வாடகைக்கு எடுத்திருக்கேன். இருபத்தஞ்சு வருஷப் போட்டோ எல்லாம் அதுல ஓடும். ஜனங்க ஃபோன்ல இருக்கிற படத்தையும் வயர் இல்லாமலே அதுல காட்டலாமாம். அது போதும்.”

இருபதடித் திரை இருக்கலாம், பத்து அங்குலத் திரை கூடாது! இது என்ன நியாயமோ, ஸ்ரீரங்கனுக்கே வெளிச்சம்.

சந்திரிகா பத்து நாள் மனப்பாடம் செய்தாள். சமையலறையில் பாடினாள், மின்சார ரயிலில் முணுமுணுத்தாள், ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு பரீட்சை எழுதும்போது மேற்பார்வை பார்த்துக்கொண்டே உதடசைத்தாள். மூன்று சரணம் கல்வெட்டுப் போல நின்றது. நாலாந் தெருச் சரணம் மட்டும் வழுக்கியது. ஏன் என்று அவளுக்குத் தெரியும். நாலாந் தெரு என்றதும் கேசவன் முகம் வரும். அந்த முகம் வந்ததும் வரி போய்விடும்.

விழா அன்று மத்தியானம் ஒரு முடிவுக்கு வந்தாள். மேடை விளிம்பில் வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டிகள் வைத்திருந்தார்கள். இரண்டு தொட்டிக்கு நடுவில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்தால், நின்று பாடுகிறவளுக்கு மட்டும் தெரியும். எழுத்தைப் பெரிதாக்கி, வரிகள் தானாக மேலே நகரும்படி செய்துவிட்டால் கையே படவேண்டாம். நாற்பத்தைந்து வயதில், பிட் அடிக்கிற பிள்ளைகளைப் பிடிப்பதில் பேர்போன டீச்சர், முதல் தடவையாகத் தானே பிட் அடிக்கக் கிளம்பினாள்.

“வேண்டாம்மா, மாட்டிப்பே” என்றார் சுப்ரமணியன்.

“நீங்க சிரிக்காம உக்காந்திருங்க, அது போதும்.”

சாயங்காலம் ஆறரைக்குச் சாமியானா நிரம்பி வழிந்தது. தெருவாரியாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள், அது பூர்ணிமா நகர் வழக்கம். முதல் தெருக்காரர்கள் இடது பக்கம், நாலாந் தெருக்காரர்கள் வலக் கோடி. வலக் கோடியின் முதல் நாற்காலியில், வெள்ளை வேட்டி சட்டையில், கேசவன்.

சந்திரிகா அந்தப் பக்கம் பார்க்காமல் மேடையேறினாள். மைக் ஒயரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, டேப்லெட்டைத் தொட்டிகளுக்கு நடுவே வைத்து, திறந்தாள். திறந்ததும் ஒரு சின்னக் கட்டம் முளைத்தது. ‘அருகில் ஒரு திரை உள்ளது. இணைக்கவா?’

தினம் காலை ஒன்பது பத்துக்கு, ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் நுழைந்ததும் இதே கட்டம்தான் வரும். ‘ஆம்’ என்று தொட்டால் டேப்லெட்டில் இருக்கிற கணக்கு வகுப்பறைப் பலகையில் தெரியும். இரண்டு வருஷப் பழக்கம். மனசு நாலாஞ் சரணத்தில் இருந்தது, விரல் தன் பாட்டுக்கு ‘ஆம்’ என்று தொட்டது. கட்டம் மறைந்தது. சந்திரிகா நிமிர்ந்து நின்றாள்.

அவளுக்குப் பின்னால், இருபதடித் திரையில், ஏரியில் எடுத்த பிக்னிக் படம் போய், ஆளுயரச் சிவப்பு எழுத்தில் முதல் குறிப்பு வந்தது.

‘நிமிர்ந்து நில். சிரி. பல் முழுக்கக் காட்டாதே.’

சந்திரிகா நிமிர்ந்தாள், அளவாகச் சிரித்தாள். முந்நூறு பேரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். பரவாயில்லையே, நல்ல ஜனங்கள்தான் என்று நினைத்துக்கொண்டாள். திரையைக் கவனிக்கவேண்டிய கிரீஷ், திருமுடிவாக்கத்திலிருந்து வந்த ஆப்பரேட்டர், ஏற்பாட்டில் இதுவும் உண்டுபோல என்று நினைத்து மிளகாய் பஜ்ஜி சாப்பிடப் போய்விட்டான். மேடையில் குழுவினர் எல்லோரும் திரைக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏரிக் காத்து வீசிவரும் எங்க நகரு,
ஏழு மணி ரயிலுச் சத்தம் எழுப்பும் பாரு!”

பல்லவி முடிந்து இரண்டாம் தடவை எடுத்தபோது, சாமியானா முழுக்கக் கூடவே பாடியது. சந்திரிகாவுக்குப் புல்லரித்துவிட்டது. இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பாடுகிற பாட்டு, இவர்களுக்கு எப்படித் தெரியும்? ஸ்ரீரங்கன் முன்கூட்டியே வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டாரோ? மனுஷனைச் சும்மா திட்டிவிட்டோமே!

முதல் சரணத்துக்கு முன்னால் ‘மூச்சு’ என்று குறிப்பு நகர்ந்து வந்தது. சந்திரிகா மூச்சை இழுத்தாள். முந்நூறு பேரும் சேர்ந்து மூச்சை இழுத்தார்கள்! இதென்னடா கூத்து என்று ஒரு கணம் திகைத்தாலும், பாட்டை விடவில்லை. “முதல் தெரு முனையினிலே முருங்கை மரம் மூணு” என்று எடுத்தாள். கீழே ‘மூணு, நாலு இல்லை’ என்ற குறிப்பைப் படித்துவிட்டு முதல் தெருப் பிள்ளைகள் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார்கள். இரண்டாஞ் சரணத்தில் ‘ஜீவா சார் இங்கே ஓடுவார், நீ ஓடாதே’ என்று வந்தது. அவர் விரல்கள் தாளத்தை முந்தி ஓடின, ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். தன் வாசிப்புக்குத்தான் அந்த ஆரவாரம் என்று ஜீவரத்தினம் எழுந்து கும்பிட்டார்.

‘ஸ்ரீரங்கன் சார் கை தட்டுவார். தாளம் சேராது. கேட்காதே.’

மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்த செயலாளர், திரையை இரண்டு தடவை படித்தார். கையைக் கீழே போட்டுவிட்டு, இடமும் வலமும் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சுப்ரமணியன் முகத்தைக் கர்ச்சீப்பால் மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மூன்றாந் தெருச் சரணம் முடிந்தது. சந்திரிகாவுக்கு உள்ளே குதியாட்டமாக இருந்தது. இன்னும் ஒன்றுதான்! பல்லவியை ஜனங்கள் பாடினார்கள், அவள் கீழே பார்த்தாள். அடுத்த குறிப்பு நகர்ந்து வந்துகொண்டிருந்தது. போன வாரம், மனசு சரியில்லாத ஒரு நேரத்தில் எழுதியது.

‘கேசவன் அண்ணன் முன் வரிசையில் இருப்பார். அந்தப் பக்கம் மட்டும் பார்க்காதே. இதே மேடையில்தான் அன்றைக்கு நின்றுபோனாய். இன்றைக்கு நிற்காதே, தாயே.’

சிரிப்பு சட்டென்று அடங்கியது. முந்நூறு தலையும் வலக் கோடிக்குத் திரும்பின. கேசவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் அமைதியானார்கள் என்று சந்திரிகாவுக்குப் புரியவில்லை. திரை மூலையில் பேட்டரி அளவைப் பார்த்துவிட்டு, பின் வரிசையில் ஒரு பையன், “ரெண்டு பர்சென்ட்!” என்று கத்தினான். இன்னொருத்தி, “ஐயோ, ஒண்ணு!” என்றாள். மத்தியானம் முழுக்க அதைப் பார்த்தே பாடிப் பழகியவள், சார்ஜ் போட மறந்திருந்தாள். தொட்டிகளுக்கு நடுவே வெளிச்சம் அணைந்தது. பின்னால் இருபதடியும் இருட்டானது.

“சந்திரிகா” என்று கீபோர்டிலிருந்து ஜீவரத்தினம் கிசுகிசுத்தார். இருட்டான பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்து, முன் வரிசையில் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். “நீ எழுதினது எல்லாம் பெரிய திரையில வந்திருக்கும்மா. எல்லாம்.”

எல்லாம்! மூச்சு, பல், தாளம், கேசவன், தாயே. பிட் அடித்தது போதாதென்று பிட்டை ஊருக்கே போஸ்டர் அடித்து ஒட்டியிருக்கிறாள். நாலாஞ் சரணத்தில் ஒரு எழுத்துகூட நினைவில் இல்லை. ஜீவரத்தினம் இடையிசையைத் திருப்பி வாசித்தார். ஒரு தடவை. இரண்டு தடவை. அதே மேடை, அதே இடையிசை. மைக்கை ஸ்டாண்டில் வைக்கக் கை நீண்டது.

“டீச்சர்!”

வேறு யார்? கேசவன்தான். எழுந்து நின்றிருந்தார்.

“டீச்சர், எறங்கிடாத. இந்தப் பக்கம் பாரு.”

சந்திரிகா பார்க்கவில்லை.

“கோச்சிக்காம பாரு டீச்சர். தமாசுன்னுதான் கேட்டுகினு இருந்தேன். உனுக்கு இவ்ளோ பேஜாரா இருக்கும்னு சத்தியமா எனுக்குத் தெரியாது.” அவர் மேடைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். “எங்க தெருவை வுட்டுட்டுப் போயிடாத. ரோடு போட்டாலும் நாங்க கடைசி, லைட்டு போட்டாலும் நாங்க கடைசி. பாட்டுல கூடவா டீச்சர்?”

அவ்வளவுதான், நாலாந் தெருவே எழுந்துகொண்டது. தங்கள் சரணம் கண்ணெதிரே கைவிட்டுப் போவதை அவர்களால் தாங்க முடியவில்லை. “எங்க நாவ மரம் கீது டீச்சர்!” என்றார் ஒருவர். “புள்ளையார் கோயிலு!” என்றாள் இன்னொருத்தி. கேசவனின் மகள் ஓவியா நாற்காலிமேல் ஏறி நின்று, “எங்க தெரு நாய் பத்திக்கூடப் பாடலாம் டீச்சர்!” என்றாள். சாமியானாவில் மறுபடி சிரிப்பு எழுந்தது.

“கெணறு!” என்றார் கேசவன். “எங்க கெணறு, டீச்சர். குழாத் தண்ணி வராத காலத்துல மொத்த நகருக்கும் அதானே? கல்யாணம் ஆயி வந்த புதுசுல பச்சைக் கொடத்தை எடுத்துகினு நீகூட வருவியே. ஞாபகம் கீதா?”

மூன்று வருஷமாகக் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை அதில் கிண்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

சந்திரிகா அந்தப் பக்கம் திரும்பினாள். கேசவன் முகத்தை நேராகப் பார்த்தாள். பச்சைக் குடம் நினைவுக்கு வந்தது. அதன் விளிம்பில் இருந்த விரிசலும் வந்தது. அந்தக் கோடையில், புதுப் பெண் இவ்வளவு தூரம் தூக்க வேண்டாம் என்று கேசவன் மோட்டாரைப் போட்டு, நாலாந் தெருவிலிருந்து இரண்டாந் தெரு வரைக்கும் டியூபை இழுத்து வந்து அவள் வீட்டுத் தொட்டியை நிரப்பிக் கொடுத்ததும் வந்தது. அதை அவள் எப்படி மறந்தாள்?

“ஞாபகம் இருக்கு அண்ணே” என்றாள், மைக்கிலேயே.

ஜீவரத்தினத்துக்குக் கண் காட்டினாள். அவர் தாளத்தை எடுத்தார்.

“நாலாந் தெருக் கிணத்துத் தண்ணி நாங்க குடிச்சது,
நகரு வந்த நாள்முதலாத் தாகம் தணிச்சது!
பச்சைக் கொடம் தூக்கி வந்தேன் பாதி வழியிலே,
அண்ணன் வந்து டியூபு போட்டார் எங்க வாசலிலே!”

நாலாந் தெரு போட்ட விசில் தாம்பரம் ஸ்டேஷனுக்கே கேட்டிருக்கும். நாவல் மரமும் பிள்ளையாரும் அடுத்த இரண்டு வரியில் வந்து சேர்ந்தார்கள். நாய்க்கும் ஒரு அரை வரி கிடைத்தது. பல்லவியை எல்லோரும் சேர்ந்து பாடி முடித்தபோது, சந்திரிகா பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நான் நாவல் மரம் மட்டும்தானேம்மா எழுதினேன்?” என்றார் ஜீவரத்தினம், பரிதாபமாக. “கிணறு எங்கேருந்து வந்துது?”

“நாலாந் தெருவுலேருந்துதான் சார்.”

பஜ்ஜிக் கையோடு ஓடிவந்த கிரீஷ், என்ன ஆயிற்று என்று ஒவ்வொருவராகக் கேட்டான், ஒருவரும் சொல்லவில்லை. ஸ்ரீரங்கன் மேடைக்கு வந்தார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, குரோட்டன்ஸ் நடுவிலிருந்து டேப்லெட்டை எடுத்துச் சந்திரிகாவிடம் நீட்டினார்.

“மேடையில இது கூடாதுன்னு சொல்லியிருந்தேன்.”

“தப்புதான் சார்.”

“அதை விடுங்க.” குரலைத் தாழ்த்தினார். “என் கைத்தட்டல் நிஜமாவே தாளம் சேரலையா?”

சந்திரிகா பொய் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கேசவன் நாற்காலியோடு மேடைக்கு அருகில் வந்துவிட்டார். அவர் பின்னால் நாலாந் தெருவே வந்தது.

“டீச்சர், எங்க தெரு சரணம் மட்டும் இன்னொரு தபா பாடேன்.”

“நடுவுல வந்த வரியெல்லாம் மறுபடி வருமான்னு தெரியலை அண்ணே. டேப்லெட்டும் செத்துப்போச்சு.”

“டேப்பு இன்னாத்துக்கு?” கேசவன் நாற்காலியை மேடைக்கு நேர் எதிரே, குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அவளைப் பார்த்து முகத்தை நிமிர்த்தினார். “நான்தான் இங்க கீறேன் இல்ல. என்னைப் பாத்துப் பாடு.”

சந்திரிகா அவரைப் பார்த்துப் பாடினாள். ஒரு வரிகூட மறக்கவில்லை.